வழக்காடும் ஏழைக்கு வாய் எங்கே?

(திருமுதுகுன்றத்தில் பீங்கான் தொழிலாளரும் மாணவரும் கூடியிருந்த அவையில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் ஊரின் பெயர்ப்பலகையில் 'விருத்தாசலம்' என்று எழுதியிருக்கிறது. விருத்தம் என்றால் முதுமை. அசலம் என்றால் குன்றம். திருமுதுகுன்றம் என்னும் அழகிய தமிழ்ப்பெயரை வடமொழியில் பெயர்த்து நம் தலையிலேயே கட்டிவிட்டனர். ஓர் ஊரின் பெயரையே ஊராரிடமிருந்து மறைக்க இயலுமாயின், அவ்வூராரின் உரிமையை மறைப்பது அரிதாகுமா? அவ்வாறு மறைந்து கிடக்கும் உரிமை ஒன்றைப் பற்றியே இன்று பேச வந்தேன். பொருளில்லாதவனுக்கு வழக்குரைஞர் துணை கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதே அவ்வுரிமை.

முதலில் ஒரு பழைய செய்தி. இலண்டனில் பாரிசுட்டர் பட்டம் பெற்ற காந்தியார், 1894ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் நேத்தால் பகுதியில் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்டார். தொழில் தொடங்கிய சில திங்களில் அவர் அறைக்குள் ஓர் ஒப்பந்தக் கூலித் தமிழர் நுழைந்தார். பெயர் பாலசுந்தரம். உடை கிழிந்திருந்தது, முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன, வாயிலிருந்து குருதி வடிந்தது, தலைப்பாகை கையில் இருந்தது. வெள்ளை முதலாளி அடித்த அடி அது. காந்தியார் அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயச்சான்று பெற்றார். குற்றவியல் நடுவர் முன் நிறுத்தினார். முதலாளியைத் தண்டிப்பது அவர் நோக்கமன்று. அந்த ஒப்பந்தத் தளையிலிருந்து பாலசுந்தரத்தை விடுவித்து வேறொரு முதலாளியிடம் மாற்றிவிட முயன்றார். அதனை முடித்தும் காட்டினார். அதன்பின் ஒப்பந்தத் தொழிலாளர் பலர் அவரிடம் வரத் தொடங்கினர்.

இச்செய்தியைப் பலரும் சொல்வர். பலரும் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. காந்தியார்க்கு அன்று தமிழ் தெரியாது. பாலசுந்தரத்துக்கோ தமிழே பேச்சு. அவ்விருவர்க்கும் இடையே நின்று உதவியவர் காந்தியாரின் எழுத்தர். அவர் ஒரு தமிழர். பட்டம் பாரிசுட்டருடையது; அந்த ஏழையின் வாயோ தமிழ் எழுத்தருடையது. எழுத்தர் இல்லையேல் பாரிசுட்டரின் சட்டப் புலமை அந்த ஏழைக்கு எங்ஙனம் பயன்பட்டிருக்கும்? நான் சொல்ல வந்த கருத்து முழுவதும் இவ்வொரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

கடல் கடந்து போவானேன்? நம் வ.உ.சிதம்பரனாரை நினையுங்கள். 1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார், தந்தையாரும் வழக்குரைஞரே. தேர்வில் வென்று 1895இல் தொழில் தொடங்கிய சிதம்பரனார் ஏழைகளுக்காகக் கட்டணமின்றி வழக்காடினார். 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர்கள் பக்கம் நின்றார். ஊதிய உயர்வும் ஓய்வு நாளும் கிடைத்தன. ஆயின், அடுத்த சில நாள்களில் சிறை அவரை விழுங்கிற்று. 1912இன் இறுதியில் வெளிவந்தபோது வழக்குரைஞர் உரிமமும் பறிபோயிருந்தது. ஏழைக்கு வாயாக இருந்தவரின் வாயையே அடைத்தனர். பின்னாளில் வாலேசு என்னும் வெள்ளை நடுவர் அவ்வுரிமத்தை மீட்டளித்தார். அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் சிதம்பரனார். அவர் ஏழைகளுக்காக வாதிட்ட தொண்டர் மட்டுமல்லர். தொல்காப்பிய உரையையும் பதிப்பித்த தமிழர். மக்கட்தொண்டும் மொழித்தொண்டும் அவர்க்கு இரண்டல்ல.

அவர்க்கும் முன்னவர் மாயூரம் வேதநாயகர் (1826–1889). மாவட்ட முன்சீபாக இருந்த அவர், 1805 முதல் 1861 வரை வெளிவந்த மேல்மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி நூலாக வெளியிட்டார். 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் அந்நூற்பெயர் வடமொழி. நோக்கமோ முழுவதும் தமிழ்நோக்கம். தீர்ப்பு எந்த மக்களுக்காக எழுதப்பட்டதோ அம்மக்களுக்கு அது விளங்க வேண்டும் என்று, ஆங்கிலேயன் ஆண்ட காலத்திலேயே ஓர் அரசு ஊழியர் எண்ணினார். நாம் இன்று எண்ணுகின்றோமா?

இனி, சட்டம் சொல்வதைக் கேளுங்கள். 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் அரசியலமைப்பில் 39அ என்னும் கூற்றைச் சேர்த்தது. பொருட்குறையால் எவர்க்கும் முறை மறுக்கப்படல் ஆகாது, சட்ட உதவி கட்டணமின்றிக் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. 1979இல் உசைனாரா காத்தூன் வழக்கில், பீகார்ச் சிறைகளில் ஆண்டுக்கணக்காக வழக்கு முடிவின்றிக் கிடந்தோரைக் கண்டு உச்ச முறைமன்றம் இதனை வலியுறுத்தியது. 1986இல் சுக்தாசு வழக்கில் இன்னும் ஒருபடி சென்றது. தனக்கு வழக்குரைஞர் வேண்டும் என்று ஏழைக் குற்றஞ்சாட்டப்பெற்றவன் கேட்கவில்லை என்பதால் அவனுக்கு அவ்வுரிமை இல்லாமற் போகாது என்றது. உரிமை இருப்பதையே அறியாதவன் எவ்வாறு கேட்பான்?

1987இல் சட்டப்பணி ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கட்டணமின்றி உதவி பெறத் தக்கவர் யார்? பெண்டிர், குழந்தைகள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலிலும் சிறையிலும் இருப்போர், பேரிடரால் நலிந்தோர், வருவாய் குறைந்தோர். இவர்களோடு தொழிற்சாலைத் தொழிலாளரும் அப்பட்டியலில் இருக்கின்றனர். தோழர்களே, கேட்டீர்களா? கோப்பையும் பொம்மையும் மின்காப்புப் பீங்கானும் செய்யும் உங்கள் கைகளை அச்சட்டம் மறக்கவில்லை. மண்தூளை ஆண்டுக்கணக்கில் உள்ளிழுத்து நுரையீரல் கெட்டால், அதனைத் தொழில்வழி நோயாகக் கருதி இழப்பீடு கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. வட்டந்தோறும் சட்டப்பணிகள் குழு உண்டு. 15100 என்னும் தொலைப்பேசி எண்ணும் உண்டு. ஆனால், உங்களுள் எத்தனை பேர் அக்குழுவின் படியேறினீர்கள்?

ஏறாமைக்குக் கரணியம் சோம்பலன்று, மொழி. சில ஆண்டுகட்கு முன் என் மாணவன் ஒருவனின் தாயார் மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறதென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். கடனுக்கு ஈடாக அவர் ஒப்பமிட்டுக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பியதற்கான வழக்குரைஞர் அறிவிக்கை அது. முழுவதும் ஆங்கிலம். அறிவிக்கை கைக்கு வந்த பதினைந்து நாள்களுக்குள் பணம் செலுத்தினால் குற்ற வழக்கு எழாது. அவரோ அதனைப் பெட்டியில் பாதுகாப்பாக வைத்திருந்தார்! என்னிடம் வந்தபோது ஒரு திங்கள் கடந்துவிட்டது. தமிழில் இருந்திருந்தால் எட்டாம் வகுப்புப் பயிலும் மகனே படித்துச் சொல்லியிருப்பான்; உரிய நாளுக்குள் அத்தாய் எங்கேனும் ஓடியிருப்பார். அவர் பெண், கட்டணமின்றி வழக்குரைஞர் துணை பெற முழுத் தகுதியுடையவர். அவ்வுரிமையும் அவர் அறியாத தாளொன்றில்தானே உறங்கிக் கிடந்தது!

இங்கேதான் சட்ட மாணவர்களை நோக்கிப் பேச வேண்டியிருக்கிறது. மருத்துவம் பயில்வோன் ஏட்டை மட்டும் படித்து மருத்துவனாவதில்லை. ஆசிரியர் அருகில் நிற்க, நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்தே கற்கிறான். சட்டமும் அங்ஙனமே கற்கப்பட வேண்டும் என்பதே கல்லூரிகளின் சட்ட உதவி நடுவங்களுக்கு அடிப்படை. பெங்களூரு நாட்டுச் சட்டப்பள்ளியைத் தோற்றுவித்து நடத்திய மாதவமேனன் (1935–2019) இக்கல்விமுறைக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்தார். 1997இல் இந்திய வழக்குரைஞர் மன்றம், செய்முறைப் பாடங்களைச் சட்டக் கல்லூரிகளில் கட்டாயமாக்கிற்று. சட்ட உதவியும் அப்பாடங்களுள் ஒன்று. நம் பக்கத்து விழுப்புரத்திலும் 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது.

மாணவர் முறைமன்றத்தில் வழக்காட இயலாது. முழுநேர ஆசிரியரும் வழக்காடல் ஆகாது. "பின் எங்களால் ஆவதென்ன?" என்று கேட்பீர்கள். ஆங்கில அறிவிக்கையைப் படித்துத் தமிழில் விளக்க உரிமம் வேண்டுமா? முறையீட்டைத் தெளிந்த தமிழில் எழுதிக்கொடுக்கப் பட்டம் வேண்டுமா? நாள் கடக்குமுன் ஓர் ஏழையைச் சட்டப்பணிகள் குழுவிடம் அழைத்துச் செல்லத் தடையுண்டா? காந்தியாரின் தமிழ் எழுத்தர் செய்தது இதுதானே! அவர் பெயரை உலகம் அறியவில்லை; அவர் செய்த உதவி நின்று நிலைத்தது.

"சட்டத்துக்குத் தமிழ் போதாது" என்று சிலர் உதட்டைப் பிதுக்குவர். 'சாமீன்' என்றதைப் 'பிணை' என்றோம், விளங்கவில்லையா? 'அப்பீல்' என்றதை 'மேல்முறையீடு' என்றோம், வழக்கு நின்றுவிட்டதா? 1956இல் தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1976இல் அதனைத் திருத்திக் கீழமை மன்றங்களில் தமிழுக்கு இடம் தந்தனர். உயர் முறைமன்றத்திலோ இன்றும் இல்லை. அரசியலமைப்பின் 348ஆம் கூறு வழிவிட, இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர்மன்றங்களில் இந்தி நுழைந்துவிட்டது. 2006இல் நம் சட்டமன்றம் தமிழுக்காகத் தீர்மானம் இயற்றியது, மறுக்கப்பட்டது. 2010இல் மதுரையில் வழக்குரைஞர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். ஒரே சட்டக்கூறு, இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு மூடிக் கிடக்கிறது. இதுவா முறை?

கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைஞர் வைத்துக்கொள்ளவில்லை. சிலம்பைக் கையிலேந்தி, தானே வழக்குரைத்து வென்றாள். அவள் நெஞ்சுரம் மட்டுமா அவளை வெல்வித்தது? அவள் மொழியே அவையின் மொழியாக இருந்தது. அரசன் தவற்றை அரசனே உணர அம்மொழி போதியதாயிற்று. இன்று ஒரு கண்ணகி மன்றம் ஏறினால், தன் வழக்கில் என்ன பேசுகின்றனர் என்பதே அறியாமல் சுவரோரம் நிற்பாள்.

ஆகலின், மூன்று வேண்டுகோளை உங்கள்முன் வைக்கிறேன். தொழிலாளரே, கைக்கு வரும் எந்த அறிவிக்கையையும் பெட்டியில் வைக்காதீர். அன்றே படிப்பித்துக் கேளுங்கள். வட்டக் குழுவின் படியேறி, "எனக்கு உரிமையுண்டு" என்று தமிழில் சொல்லுங்கள். சட்ட மாணவரே, கிழமைக்கு ஒரு மாலையேனும் சூளைத் தெருவுக்கு வாருங்கள். உங்கள் பாடம் இங்கே காத்திருக்கிறது. வழக்குரைஞர்களே, தமிழருக்கு விடுக்கும் அறிவிக்கையைத் தமிழில் விடுங்கள். கீழமை மன்றத்தில் தமிழில் வழக்காடுங்கள். உயர் முறைமன்றத்தில் தமிழ் ஏறும்வரை ஓயாதீர்கள்.

கட்டணமின்றிக் கிடைக்கும் துணை, கருத்தும் விளங்கிக் கிடைத்தாலன்றித் துணையாகாது. ஏழையின் வாயை ஏழைக்கே திருப்பிக் கொடுப்போம்!

வெல்க தமிழ்!