பத்து நிமிட அபராதம்

சைக்கிள் பஞ்சரானால் நமக்கு மூலைக்கு மூலை கடை உண்டு. 1913-ல் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் அதெல்லாம் நடக்காது. மாற்று டயரைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். ரிப்பேருக்கு யாரும் கைகொடுக்கக் கூடாது, அதுதான் விதி.

அந்த வருடம் டூர்மலே மலையில் இறங்கும்போது, யூஜென் கிறிஸ்டோஃப் என்ற வீரரின் சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்தது. சைக்கிளைத் தோளில் சுமந்து, 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். அடிவாரத்து ஊரில் ஒரு கொல்லன் பட்டறை. தாமே இரும்பைக் காய்ச்சி, அடித்துச் சரிசெய்தார். ஒரு சிறுவன் துருத்தி மட்டும் ஊதினான்.

நடுவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? துருத்தி ஊதியது வெளியார் உதவியாம். 10 நிமிடம் அபராதம்! பிறகு 3 நிமிடமாகக் குறைத்தார்கள்.

கிறிஸ்டோஃப் அந்தப் பந்தயத்தை ஒருமுறைகூட வென்றதில்லை. ஆனாலும் அந்த ஊரில் நினைவுப் பலகை அவருக்குத்தான்!