ஒரிஜினல் ஃபைலைத் தொடாதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

இந்த வாரம் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். "வீட்ல ரெகார்ட் பண்ணா ஒரே இரைச்சலா இருக்கு, எந்த சாஃப்ட்வேர்ல சரி பண்றது?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பதிலுக்கு முன்னாடி, நானே கெடுத்து வச்ச ஒரு ஃபைலைப் பத்திச் சொல்லிடறேன்.

தேனி பக்கத்துல எங்க அம்மாச்சி வீடு. அம்மாச்சிக்கு 80 வயசு தாண்டிடுச்சு. பிள்ளைங்க ஒவ்வொருத்தர் பேரையும் வச்சு அவங்களே கட்டின ஒரு தாலாட்டு இருக்கு. எங்கம்மாவுக்கு ஒரு பத்தி, மாமாங்களுக்கு ஒவ்வொரு பத்தி. மூணு வயசுல தவறிப்போன பெரிய மாமாவுக்கும் ஒரு பத்தி உண்டு. பொங்கலுக்குப் போனப்போ லேப்டாப், யுஎஸ்பி மைக் எல்லாம் எடுத்துட்டுப் போனேன். ஹால்ல உக்கார வச்சு, ஆடாசிட்டியைத் திறந்து ரெகார்ட் பண்ணேன். திரையில அலை நல்லா ஏறி இறங்குச்சு. சந்தோஷமா ஊருக்கு வந்துட்டேன்.

வந்து ஹெட்போன்ல கேட்டா, அடியில "ம்ம்ம்"னு ஒரு ரீங்காரம். மேல ஃபேன் சத்தம். அம்மாச்சி சிரிச்ச இடமெல்லாம் கரகரன்னு உடைஞ்சிருந்தது. ரெகார்ட் பண்ணும்போது ஹெட்போனே போடல நான். அலையைப் பார்த்தேனே தவிர, காதுல கேக்கல.

உடனே நாய்ஸ் ரிடக்‌ஷனைத் திறந்தேன். அளவை மேல தள்ளினேன். பத்தல, இன்னொரு தடவை போட்டேன். இரைச்சல் போச்சு. அதே பேர்லயே எக்ஸ்போர்ட் பண்ணேன். "பழைய ஃபைலை மாத்தவா?"னு கேட்டுச்சு. ஆமான்னு அழுத்திட்டேன். வேற காப்பி கிடையாது, ப்ராஜெக்டையும் சேவ் பண்ணல.

ஃபோன்ல அம்மாச்சிக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "யாருடி இது, கெணத்துக்குள்ள உக்காந்து பாடுறது?"ன்னாங்க.

அங்க என்ன நடந்துச்சுன்னா, யாரும் பேசாத ஒரு துண்டை நாம மாதிரியா காட்டுறோம். அதுல எந்தெந்த அலைவரிசையில எவ்வளவு சத்தம் இருக்குன்னு சாஃப்ட்வேர் கணக்கு எடுத்துக்குது. அப்புறம் ஃபைல் முழுக்க, அந்த அளவை ஒட்டியோ அதுக்குக் கீழயோ இருக்குறதையெல்லாம் அமுக்குது. அது இரைச்சலா, மெல்லிசான குரலான்னு அதுக்குத் தெரியாது. தாலாட்டுல பாதி மெல்லிசுதானே! வரி முடியுற இழுப்பு, மூச்சு, தேய்ஞ்சு போற "ரோ"... எல்லாம் இரைச்சலோடயே போயிடுச்சு. மிச்சம் நின்ன துணுக்குகள்தான் அந்தத் தண்ணிச் சத்தம்.

ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி போனேன். இந்தத் தடவை ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணை மாத்தி, கேட்டுப் பார்த்தேன்.

முதல்ல ஹெட்போன். ப்ளூடூத் போட்டேன், குரல் டெலிஃபோன்ல கேக்குற மாதிரி ஆயிடுச்சு. லேப்டாப் அந்த ஹெட்போனோட மைக்கையே எடுத்துக்கிட்டு, கால் பேசுற தரத்துக்கு இறங்கிடுச்சு. கழட்டிட்டு வயர் ஹெட்போன் போட்டு, யுஎஸ்பி மைக்கைத் திரும்பத் தேர்ந்தெடுத்தேன். சரியாச்சு.

அடுத்தது ரீங்காரம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அது ஒலிப்பாதையில புகுந்தா 50, 100, 150, 200னு அதோட மடங்குகள்ல எல்லாம் கேக்கும். பொம்பளைங்க பேசுற குரலோட அடிநாதம் சுமார் 200 ஹெர்ட்ஸ் பக்கம்தான். அதனால பின்னாடி அதை வெட்டப் போனா குரலும் சேர்ந்து வெட்டுப்படும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், ரீங்காரம் சட்டுன்னு நின்னுச்சு. பழைய வீடு, பிளக்ல எர்த் சரியில்லை. பேட்டரியிலேயே ஓட்டினேன். உங்களுக்கு அப்பவும் நிக்கலைன்னா கேபிளை மாத்துங்க, வேற யுஎஸ்பி போர்ட்ல போடுங்க, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர்கிட்ட இருந்து தள்ளி வாங்க.

மூணாவது இடம். மொசைக் தரை போட்ட ஹால் எதிரொலிக்கும். மெத்தையும் துணிமணியும் இருக்குற உள் ரூமுக்கு மாறினோம். ஃபேனை நிறுத்தியாச்சு. வேர்க்கும், அதனால பத்துப் பத்து நிமிஷமா எடுத்தோம். மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்துல, கொஞ்சம் பக்கவாட்டுல வச்சேன். தூரம் ரெண்டு மடங்கானா குரல் சுமார் 6 டெசிபல் குறையும், ரூம் இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும். மைக்கைக் கிட்ட கொண்டு வர்றதுக்கு ஈடான எஃபெக்ட் எதுவும் இல்லை.

கடைசியா லெவல். அம்மாச்சியைச் சிரிக்க வச்சு, அதிகபட்ச சத்தம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்குற மாதிரி வச்சேன். குறைவா பதிஞ்சா பின்னாடி ஏத்திக்கலாம். பூஜ்யத்தைத் தொட்டு உடைஞ்ச அலையோட தலை திரும்ப வராது.

அப்புறம் பத்து செகண்ட் யாரும் பேசாம வெறும் ரூமைப் பதிஞ்சேன், நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு மாதிரி காட்ட. ஊருக்கு வந்து அதை 6 டெசிபல்தான் போட்டேன், அதுவும் காப்பியில. ரெண்டாவது ரெகார்டிங் அருமையா வந்துச்சு. நீங்க ஹெட்போன்ல கேட்டா பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி இருக்கும்.

ஆனா அதுல பெரிய மாமா பத்தி இல்லை. எல்லார் பேரும் வந்துச்சு, அவர் பேர் வரல. பாடி முடிச்சதும் மெதுவா கேட்டேன். "அத அன்னைக்கே பாடிட்டேன்ல தாயி. மறுபடி எதுக்கு?"ன்னாங்க. அதுக்கு மேல நான் கேக்கல.

அந்தப் பத்தி இப்போ கெணத்துக்குள்ள இருக்குற ஃபைல்ல மட்டும்தான் இருக்கு. அதுக்கு மூணு இடத்துல காப்பி வச்சிருக்கேன். இனிமே அது மேல எந்த எஃபெக்டும் போட மாட்டேன்.

அதனால, சாஃப்ட்வேர் எதுன்னு கேட்டவங்களுக்கு: இலவசமா கிடைக்குற ஆடாசிட்டியே போதும். ஆனா ரெகார்டிங் முடிஞ்சதும், கேக்கறதுக்கும் முன்னாடி, முதல் வேலையா வேவ் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி வேற ஒரு டிரைவ்ல காப்பி போடுங்க. பேர்லயே "ஒரிஜினல்"னு போட்டுடுங்க. எடிட்டிங் எல்லாம் இன்னொரு காப்பியில.

உங்க வீட்ல யார் குரலாவது பதியணும்னு நினைச்சிட்டே இருந்தீங்கன்னா, இந்த ஞாயித்துக்கிழமை பதிஞ்சிடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.