இஞ்சினுக்கும் மூச்சு விட வழி வேண்டும்

(தோட்டக் கிளையின் கல்விக் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



டிராக்டர் இஞ்சினைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். பேனா பிடிக்கிற கிராணிக்கு ஸ்பானர் சங்கதி என்ன தெரியும் என்று பட்டறைத் தோழர்கள் பின்வரிசையில் சிரிப்பது காதில் விழுகிறது. சிரிக்கட்டும். ஆனால் ஸ்டோரிலிருந்து எந்த வண்டிக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் போகிறது என்று எழுதும் புத்தகம் என் மேசையில்தான் இருக்கிறது. ஒரு டிராக்டர் நோயில் விழப்போவதை மெக்கானிக்குக்கு முன்னால் அந்தப் புத்தகம் சொல்லிவிடும். இஞ்சின் எண்ணெய் மாற்றிப் பாதி நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்று டிரைவர் வந்து நிற்கிறார் என்றால், அந்த எண்ணெய் எங்கோ போகிறது என்றுதானே அர்த்தம்?

எங்கே போகிறது என்பதுதான் இன்றைய விஷயம்.

இஞ்சினுக்குள் பிஸ்டன் மேலேறிக் காற்றை நசுக்குகிறது. டீசல் இஞ்சினில் அந்தக் காற்று 16இல் ஒரு பங்கு, அதற்கும் குறைவான இடத்தில்கூட அடைபடுகிறது. பிறகு அதில் டீசல் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இவ்வளவு அழுத்தத்தைச் சில இரும்பு ரிங்குகள்தாம் தாங்கி நிற்கின்றன. ரிங் எவ்வளவு புதிதானாலும் கொஞ்சம் புகை நழுவிக் கீழே எண்ணெய் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். ரிங்கும் சிலிண்டரும் தேயத் தேய இந்தப் புகை கூடும். அதை வெளியே விடுவதற்கு வைத்த வழிதான் பிரீதர், அதாவது மூச்சுக் குழாய்.

பல தோட்டங்களில் உழைத்துத் தேய்ந்த மாஸி பெர்குசன் 135 டிராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1964ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மாடல். அதில் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் இஞ்சின் உண்டு. அதன் தலைமேல் வால்வுகளை மூடியிருக்கும் தகரப் பெட்டிதான் வால்வு மூடி. கீழே சேரும் புகை அங்கே ஏறி வந்து, சிறு குழாய் வழியாக வெளியேறுகிறது. குழாய் போதவில்லையென்றால் என்ன நடக்கும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். உலை கொதிக்கும்போது மூடியை அழுத்திப் பிடித்தால் கஞ்சி எந்தப் பக்கமாவது பொங்கத்தானே செய்யும்? இஞ்சினிலும் அப்படித்தான். பின்பக்கத்து எண்ணெய்ச் சீல் வழியாக ஒழுகும். மூடியின் கேஸ்கெட் கசியும். எண்ணெய் அளக்கும் கம்பி தானாக மேலே எழும்பும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் இப்படி எண்ணெய் ஒழுகியதற்கு டிரைவர் பேரில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கவனக்குறைவாம்! பதினைந்து ஆண்டு ரிங்கு மாற்றாத இஞ்சினில் டிரைவரின் கவனம் என்ன செய்யும்? சீலை இரண்டு முறை மாற்றினார்கள், இரண்டு முறையும் ஒழுகியது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை புதுச் சீலும் ஒழுகும் என்பதை அங்கே யாரும் கேட்க விரும்பவில்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, இருக்கிற குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. நம் ஊரில் துவாரம் கண்ட இடத்தில் குளவி மண்கூடு கட்டிவிடும். சேறும் எண்ணெய்க் கசடும் சேர்ந்தும் அடைத்துக்கொள்ளும். கழற்றிக் கழுவி, ஊதிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. குழாய் சுத்தம், அப்படியும் புகை குபுகுபுவென்று வருகிறது என்றால் கம்ப்ரெஷன் சோதனை செய்து அளவைக் குறித்து வைக்க வேண்டும்.

இனிப் பெரிய பிரீதர் போடுவதற்கு வருகிறேன். குழாயின் அகலம் கொஞ்சம் கூடினாலும் வழி நிறையக் கூடும். 12 மில்லிமீட்டர் துவாரத்தை 19 ஆக்கினால் புகை போகும் வழி இரண்டரை மடங்காகிறது. கடையில் ஃபிட்டிங் வாங்கும்போது 10ஆம் நம்பர், 12ஆம் நம்பர் என்பார்கள். அது ஓர் அங்குலத்தைப் பதினாறாக வகுத்த கணக்கு: 10ஆம் நம்பர் 5/8 அங்குலம், 12ஆம் நம்பர் 3/4 அங்குலம். இது குழாயின் வெளி அளவு. உள் துவாரம் அதற்கும் சிறியது. ஆகையால் நம்பரைப் பார்த்து ஏமாறாமல் உள்ளே அளந்து வாங்குங்கள். வழியில் எந்த இடம் மிகவும் குறுகலோ அந்த இடம்தான் முடிவு செய்யும். மூடியில் சின்னத் துவாரத்தை வைத்துக்கொண்டு வெளியே பெரிய ஃபிட்டிங் மாட்டினால் அது வெறும் அலங்காரம்.

மூடி இஞ்சின்மேல் இருக்கும்போது துளை போடவே கூடாது. இதை இரண்டு தடவை சொல்கிறேன்: போடவே கூடாது. விழுகிற இரும்புத் தூள் எண்ணெயோடு கீழே இறங்கும். வடிகட்டி எண்ணெய்ப் பம்புக்கு அப்புறம்தான் இருக்கிறது. ஆகவே தூள் முதலில் பம்பைத்தான் தின்னும். மூடியைக் கழற்றி மேசைக்குக் கொண்டு வாருங்கள். துளைக்கும் இடம் உயரமாக, ராக்கர் கைகள் எண்ணெய் வாரி இறைக்கும் இடத்துக்குத் தள்ளி இருக்க வேண்டும். உள்ளே ஃபிட்டிங் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதற்குப் பிள்ளைகள் உருவம் பிடிக்கும் பிளாஸ்டிசீனைக் குறித்த இடத்தில் உட்புறம் ஒட்டி, மூடியை வைத்து, இஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ராக்கர் இடித்தால் அச்சுப் பதிந்துவிடும். இதைவிட மலிவான சோதனை கிடையாது.

மூடிக்குள் தடுப்புத் தகடு இருந்தால் அதை எடுத்தெறியாதீர்கள். எண்ணெய்த் துளி புகையோடு போகாமல் தடுப்பது அதுதான். இல்லாவிட்டால் ஃபிட்டிங்குக்கு அடியில் சிறு தகடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தகர மூடியில் பித்தளைப் பற்று வைக்கலாம். அலுமினிய வார்ப்பு மூடியானால் அதற்கேற்ற வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் மூடி வளைந்துவிடும். கனமான பலகை இரும்பில் போல்டு போட்டு இறுக்கிக்கொண்டு செய்வது நல்லது. வெல்டிங் இல்லாமல் நட்டுப் போட்டு முறுக்குவதானால், உள்ளே இருக்கும் நட்டு எக்காலமும் கழலாதபடி பூட்ட வேண்டும். அது ராக்கருக்கிடையில் விழுந்தால் இஞ்சின் கதை முடிந்தது. வேலை ஆனபின் பிசிறு தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, விரலால் தடவிப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

இப்போது நமக்கு வேண்டிய ஒரு செய்தி. நாம் வெட்டும் பாலில் செய்த ரப்பர் ஹோஸ் இந்த வேலைக்கு உதவாது! இயற்கை ரப்பர் இஞ்சின் எண்ணெயைக் குடித்து ஊதிப்போய் மெத்தென்று ஆகிவிடும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் ஹோஸ்தான் வேண்டும். நம் மரத்துக்கு இது குறைவில்லை. டயருக்கு நம் ரப்பர் வேண்டும், எண்ணெய்க்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

ஹோஸ் மூடியிலிருந்து மேல்நோக்கி ஏறிப் பிறகுதான் எண்ணெய் பிடிக்கும் டப்பாவுக்குப் போக வேண்டும். நடுவில் தொய்ந்தால் எண்ணெயும் நீரும் தேங்கி அடைத்துவிடும். டப்பாவுக்குக் காற்று வெளியேற வழியும், அடியில் வடிக்கக் குழாயும் அவசியம். வாயை டிரைவர் பக்கம் திருப்பாதீர்கள்; எக்ஸாஸ்ட் குழாய் மேலும் படக்கூடாது. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் வகைப்படுத்திவிட்டது. பிரீதரில் வருவதும் அதே குடும்பம்தான்.

தேய்ந்த டீசல் இஞ்சினின் பிரீதரை, புகை தெரியக்கூடாது என்று, காற்று இழுக்கும் குழாயோடு சேர்த்துவிடுவது பெரிய ஆபத்து. டீசல் இஞ்சினுக்கு எந்த எண்ணெயும் தீனிதான். தன் எண்ணெயையே உறிஞ்சி எரித்து வேகம் கூடிக்கொண்டே போகும். டீசலை அடைத்தாலும் நிற்காது. காற்று வரும் வாயைத் தட்டையான பலகையால் அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்காதீர்கள். நெருங்க முடியாவிட்டால் விலகி ஓடுங்கள்.

சாலையில் ஓடும் லோரி, கார் சங்கதி வேறு. கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்தே இந்தப் புகையைத் திரும்ப இஞ்சினுக்குள் அனுப்பி எரிக்கும் வால்வு வைக்கத் தொடங்கினார்கள். அப்படி அமைத்துவந்த வண்டியை வெட்டித் திறந்துவிடுவது சரியல்ல.

பெரிய பிரீதர் தேய்ந்த ரிங்கைப் புதிதாக்காது. சீலைக் காப்பாற்றும், கொஞ்ச காலம் ஓட்ட உதவும். அந்தக் கொஞ்ச காலத்தையே நிர்வாகம் ஐந்து வருஷமாக நீட்டினால், கெடுகிற பழி டிரைவர் தலையில் விழும். ஆகையால் வேலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்: கம்ப்ரெஷன் அளவு இன்னது, பிரீதர் இன்ன தேதியில் பெரிதாக்கியது, உத்தரவு கொடுத்தவர் இன்னார், ரிங்கு மாற்றச் சொல்லியாயிற்று. ஒரு பிரதி டிரைவரிடம் இருக்கட்டும். சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. டிராக்டர் ரிப்பேர்ச் செலவு அந்த வரிசையில் இல்லை. யாராவது பிடித்தால், சீட்டை எடுத்துக்கொண்டு நேரே கிளைச் செயலாளரிடம் வாருங்கள். எண்ணெய்ப் புத்தகத்தில் தேதியும் அளவும் உங்களுக்குச் சாட்சியாக இருக்கும்.

மேசைமேல் இரண்டு வால்வு மூடிகள் இருக்கின்றன. ஒன்று பழைய குழாயோடு, மற்றொன்று 12ஆம் நம்பர் ஃபிட்டிங்கோடு. பெண்களும் வந்து கையில் எடுத்துப் பாருங்கள். கேள்வியைப் பட்டறைத் தோழர்களிடம் கேளுங்கள், சிரித்தவர்களே பதில் சொல்லட்டும். தேநீருக்குப் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்ளுங்கள்.