ஒரே சுவர், அநேகம் கைகள்

(ஆதரவாளர் கூட்டத்தில் ஆஸ்பத்திரி சாப்ளின் ஆற்றிய உரை)

இந்த வருஷமும் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் நமது ஆஸ்பத்திரியைத் தாங்கி வந்தீர்கள். அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

வெளிநோயாளர் பிரிவுக்கும் வார்டுகளுக்கும் நடுவே உள்ள நடைபாதைச் சுவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 40 அடி நீளம், 8 அடி உயரம். நோயாளிகளும் உடன் வந்தவர்களும் அதற்கு எதிரே மணிக்கணக்காய் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் சுவரில் நோயாளிகள், ஊழியர்கள், சுற்றுக் கிராமத்தார் எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய படம் வரைய முகாம் நடத்தத் திட்டமிட்டிருக்கிறோம்.

"மருந்துக்கே பணம் போதாதபோது சுவருக்கு வர்ணமா?" என்று ஒரு மூப்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஏழை நோயாளர் நிதியிலிருந்து ஒரு ரூபாயும் இதற்கு எடுக்கப்படாது. அந்தச் சுவருக்கு எப்படியும் பூச்சு வேலை செய்தாக வேண்டும். அந்தத் தொகையோடு, இதற்கென்றே தனியாய்க் கொடுக்கப்படுவதை மட்டும் சேர்த்துக்கொள்வோம்.

வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் செய்யப்பட்ட விதத்தை யாத்திராகமத்தில் வாசிக்கிறோம். பெசலெயேலும் அகோலியாபும் தலைமைக் கைவினைஞர். ஆனாலும் வேலை அவர்கள் இருவருடையது மட்டுமல்ல. ஸ்திரீகள் நூல் நூற்றார்கள். ஜனங்கள் கொண்டுவந்தது மிஞ்சிப்போய், போதும் என்று மோசே சொல்லும்படி ஆயிற்று. தேர்ந்தவர் வழிகாட்ட, எல்லாரும் கைகொடுக்கிற அந்த ஒழுங்கைத்தான் நாங்களும் பின்பற்ற நினைக்கிறோம்.

ஆகவே ஓவியரை அழைத்துப் படத்தை முடிவு செய்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிடப் போவதில்லை. முதல் இரண்டு வாரம் வார்டு வார்டாய்ப் போய், "இந்தச் சுவரில் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்போம். கிடைத்தவற்றைச் சேர்த்து ஓவியர் ஒரு மாதிரி வரைவார். அதை நடைபாதையில் ஒட்டிவைத்து, எல்லாரும் பார்த்துச் சொன்ன பிறகே திருத்தி முடிப்போம்.

இந்த ஆயத்தத்திலேயே ஒரு கடினமான கேள்வி வந்தது. தொழுநோய்ப் பிரிவில் இருப்பவர்களுக்குப் பின்பக்கச் சுவரைத் தனியாய்க் கொடுக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். கெட்ட எண்ணத்தினால் அல்ல. கிராமத்தார் வராமல் போவார்களோ என்ற பயத்தினால். கூட்டு மருந்து சாப்பிடத் தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குப் பரவாத நிலைக்கு வந்துவிடுகிறது என்பது நமக்குத் தெரியும். மருந்து உள்ளே சேர்த்துக்கொண்டவரை நாம் மறுபடியும் பாளயத்துக்குப் புறம்பே அனுப்பலாமா? வெகுநேரம் பேசி, ஒரே சுவர் என்று முடிவு செய்தோம். சிலர் வராமல் போகலாம். அதற்கும் ஆயத்தமாயிருக்கிறோம்.

செங்கற்பட்டு மாவட்டம் பாரதபுரத்தில் 2005-ல் தொடங்கப்பட்ட பிந்து ஓவியப் பள்ளியில் தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களே ஓவியர்கள். ஆகையால் அவர்களால் முடியுமா என்ற கேள்விக்கு இடமில்லை.

ஆனால் கவனம் வேண்டும். கை சிதைவது பெரும்பாலும் உணர்ச்சியற்ற கையில் தெரியாமல் ஏற்படும் காயத்தினால்தான் என்று வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். மெல்லிய தூரிகைக் காம்பை இறுகப் பிடித்தால் தோல் கொப்புளித்துப் போகும்; வலியோ தெரியாது. எனவே காம்புகளுக்குத் துணி சுற்றிப் பருமனாக்குவோம். அரை மணிக்கு ஒருமுறை ஓய்வு. முடிந்ததும் ஒவ்வொரு கையையும் பிசியோதெரபி ஊழியர் பார்ப்பார்.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் காரியம் என்ன? அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1984-ல் தொடங்கிய சுவரோவியத் திட்டத்தில் ஒரு நல்ல வழி உண்டு. பாராசூட் துணி என்று அவர்கள் சொல்லும் மெல்லிய துணியில் துண்டு துண்டாய் வரைந்து, பிறகு சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். கிரேட்டர்போர்டு சிறையில் இருந்த கைதிகள் கூட, வெளியே ஒரு அடி வைக்காமலே நகரத்துச் சுவருக்குப் படம் வரைந்தார்கள். அதே முறையில் நமது படத்தையும் ஒரு அடிச் சதுரங்களாய்ப் பிரிப்போம். மொத்தம் 320 சதுரங்கள். எலும்பு முறிந்து படுத்திருப்பவரும் தம்முடைய சதுரத்தைக் கட்டிலிலேயே தீட்டலாம். ஒவ்வொன்றின் பின்புறமும் எண் இருக்கும். எண்ணைப் பார்த்து ஒட்டினால் படம் கூடிவரும்.

சுவரில் ஈரக்கசிவு இருந்தால் உப்புப் பூத்து எல்லாம் உரிந்துவிடும். ஆகவே மழைக்காலம் கழிந்து, கசிவை அடைத்து, பூச்சு நன்றாய்க் காய்ந்த பிறகே பிரைமர் அடிப்போம். எனாமல் வர்ணத்தின் நெடி ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஆகாது. தண்ணீரில் கலக்கும் வர்ணமே வாங்குவோம்.

உங்களிடம் மூன்று உதவிகள் கேட்கிறோம். வர்ணம், துணிக்காக மனமுவந்து கொடுங்கள். வழக்கமான காணிக்கையைக் குறைத்து அல்ல. வாலிபர் சங்கத்திலிருந்து படுக்கையில் இருப்பவர்களுக்கு வர்ணம் கலந்து கொடுக்க ஆட்களை அனுப்புங்கள். நீங்களும் வந்து ஒரு சதுரம் தீட்டுங்கள். உங்கள் பக்கத்தில் விரல் மடங்கிய ஒரு கை வேலை செய்துகொண்டிருக்கும். அவரோடு பேசுங்கள், அவர் பெயரைக் கேளுங்கள். அநேகம் பேர் அவரிடம் நோயைப் பற்றி மாத்திரமே கேட்டிருக்கிறார்கள்.

கிராமத்தார் பயமின்றி வரும்படி ஜெபியுங்கள். கர்த்தர் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.