எண்ணெய்க்குள் எலெக்ட்ரான்

பீங்கான் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களே, சூளை வேலை முடித்து நேராக இங்கு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே,

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்கள் முதலில் பழமலைநாதரைச் சொல்வார்கள், அடுத்துப் பீங்கானைச் சொல்வார்கள். நம் வீடுகளின் ஃபியூஸ் கட்டைகளில் எத்தனையோ இந்த ஊர்ச் சூளைகளில் வெந்தவை. மின்சாரத்துக்கு வழி விடாமல் நிற்பதுதான் அவற்றின் வேலை. தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மரின் தலையில் நிற்கும் பீங்கான் புஷ்ஷிங்குக்கும் அதே வேலைதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளே காவல் நிற்பது எண்ணெய், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த திரவம். அதற்குள் ஓர் எலெக்ட்ரான் தப்பி நுழைந்தால் எப்படி நகரும்? இன்று அதைத்தான் பேச வந்தேன்.

மேசையில் இரண்டு களிமண் துண்டுகள் வைத்திருக்கிறேன். எடை ஒன்றே. ஒன்றைத் திரியாக உருட்டியிருக்கிறேன், மற்றதை உருண்டையாகப் பிடித்திருக்கிறேன். பென்டேனும் நியோபென்டேனும் இப்படித்தான். இரண்டிலும் 5 கார்பன், 12 ஹைட்ரஜன். முன்னது நீண்ட சங்கிலி, பின்னது ஏறத்தாழ உருண்டை. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் என்ற மின்புலத்தில், அறை வெப்பத்தில், பென்டேன் திரவத்துக்குள் எலெக்ட்ரான் நொடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே நகர்கிறது. நியோபென்டேனில் அது சுமார் 70 சென்டிமீட்டர்! இன்னொரு சங்கிலியான ஹெக்சேனில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மைனஸ் 162 டிகிரியில் திரவமாகும் மீத்தேனிலோ ஏறத்தாழ நான்கு மீட்டர்.

அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஷ்மிட், ஆலன் இருவரும் 1970ஐ ஒட்டி இவற்றில் சிலவற்றை அளந்து வெளியிட்டார்கள். அணுக்கள் அதேதான், எண்ணிக்கையும் அதேதான், வடிவம் மட்டும் மாறியதில் வேகம் நானூறு மடங்குக்கு மேல் மாறுகிறது. இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் இதுதான். எலெக்ட்ரானுக்கு அலையின் குணமும் உண்டு. உருண்டை மூலக்கூறு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே முகம், அதனால் அலை அதிகத் தடையின்றிப் பரவுகிறது. சங்கிலி மூலக்கூறுகள் வளைந்து நெளிந்து கிடப்பதால் இடையிடையே பள்ளம் விழுகிறது. எலெக்ட்ரான் அதில் இறங்கி உட்கார்ந்துவிடும். திரவம் சூடானால் அந்தச் சூடே அதை மேலே தூக்கிவிடும். ஆகவே ஹெக்சேனில் வெப்பம் ஏற ஏற ஓட்டமும் கூடும். உருண்டை வடிவ மீத்தேனில் அத்தகைய பள்ளம் இல்லை. அங்கே திரவத்தின் அடர்த்திதான் பெரிதும் தீர்மானிக்கிறது. பள்ளத்துக்குப் பள்ளம் நடுவே எலெக்ட்ரான் எப்படி ஓடுகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர்களில் நோட்ரடேம் பல்கலைக்கழகக் கதிர்வீச்சு ஆய்வகத்தின் அசோகேந்து மொசூம்தார் முக்கியமானவர்.

இந்த அளவீடுகளுக்கான உழைப்பில் பெரும்பங்கு திரவத்தைச் சுத்தம் செய்வதற்கே போகும். துளி ஆக்சிஜன் கலந்திருந்தாலும் அது எலெக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நகர்வது கனத்த அயனிதான். ஹெக்சேனில் அதன் வேகம் எலெக்ட்ரானின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான்.

ட்ரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் அத்தனை தூய்மையான திரவம் அல்ல, பல மூலக்கூறுகளின் கலவை. அங்கே மின்காப்பை முதலில் உடைப்பது தனி எலெக்ட்ரானின் வேகம் அன்று, ஈரமும் நார்த்தூசியும்தான். புது எண்ணெய் 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 30 கிலோவோல்ட்டாவது தாங்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஈரம் இறங்கிவிட்டால் அந்தத் தாங்குதிறன் மளமளவென்று சரியும். அதனால்தான் ட்ரான்ஸ்ஃபார்மர் மூச்சு விடும் இடத்தில் சிலிகா ஜெல் குடுவை தொங்குகிறது. உலர்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்தால் ரோஸ் நிறம்.

பீங்கானில் ஒரு முடி அளவு கீறல் இருந்தாலும் ஒதுக்கிவைக்கும் கை உங்கள் கை. அதே கண்ணோடு, வேலிக்கு வெளியே நின்று, உங்கள் தெருவின் அந்தக் குடுவையையும் பாருங்கள். ரோஸ் நிறமாக இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.