உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி

தண்ணீரூற்று ஊரில் ஊற்றங்கரைப் பிள்ளையாரைக் கும்பிட்டு வயலுக்கு இறங்குகிறவர் தன் உள்ளங்காலை எப்போது திருப்பிப் பார்ப்பார்? முள் குத்தினால்தான்!

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் எங்களைப் போன்ற கறுத்த தோலில் அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தின் கீழோதான். பாடகர் பாப் மார்லிக்கு அது கால்விரலில் வந்தது. பந்தடிக் காயம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1981இல், 36 வயதில் இறந்தார்.

டெர்மோஸ்கோப் என்ற சிறிய கைக்கருவி தோலைப் பத்து மடங்கு பெருப்பித்து, மேல் மினுக்கத்தை நீக்கி, அடியில் உள்ள நிறத்தைக் காட்டும். உள்ளங்கால் ரேகைகளை வரம்பும் வாய்க்காலுமாக நினையுங்கள். சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் வாய்க்காலில் ஓடும். மெலனோமாவின் நிறம் வரம்பில் ஏறி நிற்கும். என்ன அழகான அடையாளம்! ஆனாலும் முடிவு சொல்வது சதைத்துண்டுப் பரிசோதனைதான்.

படம் பார்த்து நோய் சொல்லும் கணினிகளும் வந்துவிட்டன. அவை பழகிய படங்களோ பெரும்பாலும் வெள்ளைத் தோலினுடையவை. அப்படியான கைபேசிச் செயலியை நம்பிக் காலை நீட்டாதேயுங்கோ.

இன்று கால் கழுவும்போது ஒருக்கால் பாருங்கோ. பெருத்துவரும் புள்ளியோ, நகத்தில் அகலும் கறுப்புக் கோடோ இருந்தால் மாஞ்சோலை வைத்தியசாலையில் காட்டுங்கோ.