இரண்டாம் பருவத்தின் முதல் வாரம்

(குறுவள மைய அளவில் நடந்த கணித ஆசிரியர்கள் கூட்டத்தில், இவ்வாண்டு பணியில் சேர்ந்த பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

குறுவள மையத் தலைமையாசிரியர் ஐயா, ‘புதிதாக வந்தவர்களில் ஒருவர் பேசட்டும்’ என்று சொல்லி என்னை எழுப்பிவிட்டார். புதியவர் என்றதும் சிலர் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. நாற்பத்து மூன்று வயதில் நியமன ஆணை வாங்கியவள் நான். என்னோடு சேர்ந்த மற்ற இருவரும் என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பணியில் மூவருமே ஐந்து மாதக் குழந்தைகள்.

இரண்டாம் பருவப் புத்தகத்தைக் கொடுத்த அன்றே முதல் பக்கத்தைத் திறந்து பாடம் தொடங்குவதா, வேண்டாமா? இந்த ஒன்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நான் தொடங்கவில்லை. ஐந்து பாடவேளைகள் கழித்துத்தான் தொடங்கினேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நாள் கணக்கு. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து அரையாண்டுத் தேர்வு வரை சுமார் பத்து வாரம். அதில் தீபாவளி போகும். நம் பகுதியில் மழை எத்தனை நாளைக் கொண்டுபோகும் என்பது அந்தந்த நாள் காலையில்தான் தெரியும். திருப்புதலுக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். எல்லாம் போக ஒரு வகுப்புக்கு 40 பாடவேளை தேறினாலே பெரிது. அதில் ஐந்தை முதலிலேயே செலவழித்தால் பாடம் முடியுமா என்ற கேள்வி நியாயமானது. எங்கள் பள்ளி அறிவியல் சாரும் அதைத்தான் கேட்டார்.

அந்த ஐந்து பாடவேளையில் செய்தது ஒன்றே ஒன்று. 6ஆம் வகுப்பின் முதல் பருவ விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தோம். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. வளரறி மதிப்பீட்டின் 40இல் என் வகுப்பின் 27 பேரில் 21 பேர் 34க்கு மேல். தொகுத்தறி மதிப்பீட்டின் 60இல் 11 பேர் 20ஐத் தொடவில்லை. இரண்டையும் கூட்டிப் பதிவேட்டில் எழுதினால் இந்த இடைவெளி மறைந்துவிடும். செயல்பாடு என்று வரும்போது பிள்ளை குழுவோடு செய்கிறது, பேசுகிறது, வெட்டி ஒட்டுகிறது. தாளில் தனியாக நிற்கிறது. இரண்டுமே அந்தப் பிள்ளைதான். எந்த இடத்தில் தனியாக நிற்க முடியவில்லை என்பதைத்தான் நான் தேடினேன்.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வியின் நடுவே 502இலிருந்து 278ஐக் கழிக்க வேண்டும். விடை 224. ஒன்பது பேர் 376 என்று எழுதியிருந்தார்கள். ஒன்பது பேரும் பார்த்து எழுதிவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவர்கள் உட்கார்ந்திருந்தது வெவ்வேறு வரிசைகளில். போட்டுப் பாருங்கள். 2க்கும் 8க்கும் வித்தியாசம் 6. 0க்கும் 7க்கும் 7. 5க்கும் 2க்கும் 3. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறார்கள். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை.

இன்னும் நான்கு பேர் 274 எழுதியிருந்தார்கள். இவர்களுக்குக் கடன் வாங்கத் தெரிகிறது. ஆனால் பத்துகளின் இடத்தில் பூச்சியம் இருக்கிறதே, அதைத் தாண்டிப் போய் நூறிடம் வாங்கி நேராக ஒன்றுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். 12இல் 8 போக 4. நடுவில் பூச்சியம் பூச்சியமாகவே நின்றது. அங்கே பழையபடி 7. பிறகு 4இல் 2 போக 2. ஒரு பையனிடம் கேட்டேன், “ஏம்ப்பா, பக்கத்து வீட்டை விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போனே?” “பக்கத்து வீட்ல ஒண்ணும் இல்லையே டீச்சர்” என்றான். அவன் சொன்னதில் என்ன தப்பு? ‘கடன் வாங்குதல்’ என்ற சொல்லை நாம்தான் கொடுத்தோம். அவன் அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். ஒரு நூறு என்பது பத்துப் பத்துகள் என்பது மட்டும் அவனிடம் இல்லை.

376 எழுதியவனுக்கும் 274 எழுதியவனுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் பலிக்காது. தாளில் இருவருக்கும் பூச்சியம்தான் விழும்.

எங்களுடையது நடுநிலைப் பள்ளி. அதில் ஒரு வசதி. 5ஆம் வகுப்பு ஆசிரியை பக்கத்து அறையிலேயே இருக்கிறார். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருந்தது என்று அவரிடம் கேட்டேன். பெயர் சொல்லச் சொல்ல, பதிவேட்டைத் திறக்காமலே சொன்னார். கட்டுக் குச்சிகளையும் கொடுத்துவிட்டார். ஒரு பெரிய கட்டைப் பிரித்துப் பத்துச் சின்னக் கட்டு, அதில் ஒன்றைப் பிரித்துப் பத்துக் குச்சி. 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் வெட்கப்படுவார்களோ என்று யோசித்தேன். இரண்டு நிமிடம் சிரித்தார்கள். பிறகு குச்சிக்குச் சண்டை வந்துவிட்டது.

இதற்கும் இரண்டாம் பருவத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 6ஆம் வகுப்பில் இந்தப் பருவம் பகா எண், காரணி, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு என்று தொடங்குகிறது. அத்தனையும் வகுத்தல். ஒவ்வொரு வகுத்தலின் வயிற்றுக்குள்ளும் ஒரு கழித்தல் இருக்கிறது. 502 − 278 வராத பிள்ளைக்கு மீச்சிறு பொது மடங்கு நடத்தினால், பலகையில் இருப்பதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொள்ளும். அவ்வளவுதான் நடக்கும். அறிவியல் சாருக்கு நான் சொன்ன பதில் இதுதான். அந்த ஐந்து பாடவேளை பாடத்திலிருந்து எடுத்தது இல்லை, பாடத்துக்குள் போட்டது.

அடுத்து வருவது அளவைகள். இங்கே நம் பிள்ளைகள் பலம். மீட்டரையும் செண்டிமீட்டரையும் மாற்றத் திணறுகிற ஒரு பையன், அவன் அப்பா 250 குழி குத்தகைக்கு எடுத்திருப்பதாகச் சொன்னான். அது எத்தனை மா என்றேன். “ரெண்டரை” என்று உடனே வந்தது. 100 குழி ஒரு மா என்பது அவனுக்கு வீட்டுப் பேச்சு. 100 செண்டிமீட்டர் ஒரு மீட்டர் என்பது புத்தகப் பேச்சு. இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 250 செண்டிமீட்டர் எத்தனை மீட்டர் என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் நின்றேன். டெல்டாவில் இருக்கும் நாம் இதை விட்டுவிடக் கூடாது.

ஜூன் மாதத்தில் தெரியாமல் இருந்து இப்போது தெரிந்திருக்கும் விஷயங்கள் கணக்குக்கு வெளியேயும் உண்டு. காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை. போன ஆண்டு வரை இங்கே சாப்பிட்ட பிள்ளைகள்தான் இப்போது 6ஆம் வகுப்பில் இருக்கிறார்கள். முதல் பாடவேளையில் சிலர் சோர்ந்து உட்காருவதற்கு எனக்குத் தெரிந்தவரை அதுவே காரணம். வீட்டில் சமைப்பதற்குள் அம்மா வேலைக்குப் போயிருப்பார். பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் இதைப் பேசினார். நான் என் பங்குக்கு, புதுப் பாடப்பகுதி இருக்கும் நாள்களில் தமிழாசிரியையோடு பாடவேளையை மாற்றிக்கொள்கிறேன்.

இன்னொன்று வருகை. இது சம்பா நடவுக் காலம். 7ஆம் வகுப்பில் ஒரு பெண் பள்ளி திறந்ததிலிருந்து ஒன்றுவிட்டு ஒருநாள்தான் வந்தாள். செயலியில் வருகையைப் பதிவு செய்யும்போது அது வெறும் ஒரு தொடுதல். தலைமையாசிரியரும் நானும் ஒரு மாலை அவள் வீட்டுக்குப் போனோம். அம்மா நடவுக்குப் போகும் நாள்களில் ஒன்றரை வயதுத் தம்பியை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அங்கன்வாடியில் விடலாம் என்று சொல்லும் வயதும் அவனுக்கு வரவில்லை. “நடவுக் கூலி இந்த ஒரு மாசம்தான் டீச்சர்” என்றார் அந்த அம்மா. அவரிடம் போய் கல்வியின் பெருமையைப் பேச எனக்கு மனம் வரவில்லை. பேசிப் பேசி வந்த ஏற்பாடு இது: நடவு நாள்களில் மதியம் வரை பாட்டி பார்த்துக்கொள்வார், அவள் காலை வகுப்புகளுக்கு வந்து, மதிய உணவு சாப்பிட்டுவிட்டுப் போவாள். 7ஆம் வகுப்புக் கணக்கை இந்த மாதம் முழுதும் முற்பகலில் வைத்திருக்கிறேன். பிற்பகல் பாடங்கள் அவளுக்குப் போகத்தான் செய்கின்றன. இது முழுத் தீர்வு இல்லை. போன வாரம் நான்கு நாள் வந்தாள்.

முதல் பருவத்தில் நமக்குப் பெயர்களைக் கற்கவே நேரம் போய்விடுகிறது. மூன்றாம் பருவத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு ஆசிரியர் அறையில் அடிக்கடி காதில் விழுகிறது. மூத்தவர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்போது கழித்தல் வராத பிள்ளையின் முன் இரண்டு பருவப் பாடம் நிற்கும்.

தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நடுவில் பூச்சியம் வரும் கழித்தலை நீங்கள் என்ன சொல் சொல்லிக் கற்பிக்கிறீர்கள்? ‘கடன்’ என்கிறீர்களா, ‘மாற்றிக்கொள்ளுதல்’ என்கிறீர்களா, வேறு ஏதாவதா? எங்கள் 6ஆம் வகுப்புக்கு நான்கு பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். சொல் ஒன்றாக இருந்தால் எங்களுக்குப் பாதி வேலை குறையும். பெயர்களை மறைத்து ஆறு விடைத்தாள்களை நகல் எடுத்து வந்திருக்கிறேன். நான்கில் பிழை எங்கே என்று எனக்குப் புரிந்தது. இரண்டில் இன்னும் பிடிபடவில்லை. தேநீருக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம்.